சொர்ணம்மாளின் தோணியில் பேசாதவர்

பெங்களூரு
14-1-2024

அம்மாவுக்கு,

ஆஷா நமஸ்காரம். உன் முட்டிவலி தேவலையா? மாடிப்படி ஏறாமல் இருக்கிறாயா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று பக்கத்து வீட்டு ஷிஜா சேச்சி போன் செய்தாள். உன்னிடம் போனைக் கொடு என்று கெஞ்சினேன். "மாமி மிண்டில்லா, மோளே. கத்து எழுதி என்றெ கடையிலேக்கு அயச்சோ" என்றாள். நீ பேசமாட்டாயாம். அதனால்தான் இந்தக் கடிதம் அவளுடைய தையல் கடை விலாசத்துக்கு வருகிறது. ரவிக்கை வாங்கப் போகிறதுபோல் போய் வாங்கிக்கொள்.

நான் ஹரிகுமாரைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு, செத்தவளுக்குச் செய்வதுபோல அப்பா கரமனை ஆற்றில் இறங்கித் தலைமுழுகினார். உன்னையும் முழுக வைத்தார். இனி அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அவர் கையில் அடித்து நீ சத்தியம் செய்தாய். இப்போது அந்தச் சத்தியத்தைத் தளர்த்த வேண்டியவருக்கு வாயே இல்லை. அவர் "போதும்" என்று சொல்லாமல் நீ பேசவும் மாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

ஆகவே என்னோடு பேசு என்று நான் கேட்கப்போவதில்லை. என் பிழைப்பு என்ன என்று உனக்குத் தெரிந்திருக்காது. ரோல்பிளேயிங் கேம் என்று ஒன்று உண்டு. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை உண்டாக்கி, அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள். அந்த ஆட்களையும் ஊர்களையும் எப்படி உண்டாக்குவது என்று சொல்லித்தருவதுதான் என் வேலை. இதைக் கடிதத்திலும் ஆடலாம். நான் ஆர்யா, ஊர் ஊராகப் போய் வரைபடம் போடுகிறவள். அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. நீ யாரையாவது உண்டாக்கி ஆர்யாவுக்கு எழுது. எந்தச் சத்தியமும் உடையாது.

ஒரே ஒரு யோசனை. உன்னைப்போலவே ஒருத்தியைச் செய்யாதே. நல்லவளாக மட்டுமே செய்யாதே. அவளுக்கு என்ன ஆசை, அதற்கு எது குறுக்கே நிற்கிறது, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பிடிக்கவில்லையென்றால் கிழித்துப் போடு. நான் இன்னொன்று எழுதுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஆஷா


கரமனை
9-2-2024

முன்பின் பார்த்திராத ஆர்யாவுக்கு,

தோணிக்காரி சொர்ணம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே ஒருவிதமாக எல்லோரும் சுகம். நீ சுகமா? இரண்டு வேளையாவது சோறு சாப்பிடுகிறாயா, அல்லது ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடுகிறாயா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ யாரோ, நான் யாரோ. இது நினைவிருக்கட்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வாய் கொஞ்சம் நீளம். நட்சத்திரம் கேட்டை. ஆட்டத்தில் நட்சத்திரம் எதற்கு என்று சிரிக்காதே. நட்சத்திரம் இல்லாமல் எவள் பிறப்பாள்? தோணி ஓட்டுகிறேனே தவிர எனக்கு நீந்தத் தெரியாது. நல்லவளாக மட்டும் இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதனால், அக்கரைக்குப் போக வருகிறவர்களிடம் மழை வரப்போகிறது என்று பொய் சொல்லி, கொஞ்ச நேரம் உட்காரவைத்து வம்பு பேசுவேன்.

எங்கள் ஊர் பசியாப்பட்டணம். இங்கே யாருக்கும் பசிக்காது. அடுப்பு கிடையாது, கிரைண்டர் கிடையாது, அடிப்பிடித்த பாத்திரம் கிடையாது. இதை யோசித்த அன்று சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். "எந்து பற்றி மாமீ?" என்று, எனக்கு என்னவோ ஆகிவிட்டதென ஷிஜா பயந்துவிட்டாள். ஷிஜா யார் என்று கேட்காதே. அவளும் இந்த ஊர்தான்.

என் ஆசை என்ன என்பதை முதல் கடிதத்திலேயே சொல்ல நான் என்ன அசடா?

இப்படிக்கு,
சொர்ணம்மாள்


பெங்களூரு
20-2-2024

மரியாதைக்குரிய சொர்ணம்மாளுக்கு,

ஆர்யா வணக்கம் சொல்கிறேன். சுகமாக இருக்கிறேன். சோறுதான் சாப்பிடுகிறேன். நேற்றுகூட ரசம் வைத்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

உங்கள் ஊரைப் படம் போட எனக்கு ஆசை. ஆனால் அக்கரையில் இருக்கிறேன். தோணியில் எனக்கு இடம் உண்டா? உடனே சொல்ல வேண்டாம். கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆர்யா

ஆட்டத்தை நடத்துபவளின் குறிப்பு: புதிய ஊர் ஒன்றைச் செய்யும்போது எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்ன ஆகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். பசியை எடுத்துவிட்டீர்கள், சரி. அதோடு சேர்ந்து வேறு எது போய்விட்டது? எதுவுமே குறையாத ஊரில் கதை நடக்காது.


கரமனை
11-3-2024

ஆர்யாவுக்கு,

சொர்ணம்மாள் ஆசீர்வாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ கரையில் வெறுந்தலையோடு உட்காராதே. ரசத்துக்குப் புளியைக் குறை, தக்காளியைக் கையால் பிசை. பசிக்காத ஊர்க்காரிக்கு ரசம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். எல்லாம் கேள்வி ஞானம்தான்.

உன் ஆட்டக்காரி கேட்ட கேள்வியை நாலு நாள் மென்றுகொண்டிருந்தேன். காய் நறுக்கும்போது பதில் கிடைத்தது. இந்த ஊரில் யாரும் யாரையும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதில்லை. பசியே இல்லாத இடத்தில் அந்தக் கேள்வி எதற்கு? அதனால் வெகுநாள் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு பேரும் நிற்பார்கள். என்ன கேட்பது என்று தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தவர் திரும்பிப் போய்விடுவார். பாவம், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை எழுதிவிட்டு எனக்கு அழுகை வந்தது. என்ன ஆட்டமோ, கண்ராவி.

இன்னொரு விஷயம். என் தோணியில் ஒரு பயணி இருக்கிறார். ஏறும்போது நன்றாகத்தான் இருந்தார். ஆடிட் ஆபீஸ் உத்தியோகம், அதிகாரக் குரல், தெருவே நடுங்கும். நடு ஆற்றில் குரல் போய்விட்டது. அன்றிலிருந்து இறங்கவும் இல்லை. இந்த ஊரில் பசிக்கிற ஒரே ஆள் அவர்தான். கஞ்சியைக் கரைத்து ஸ்பூனால் கொடுக்கிறேன். பாதி உள்ளே போகிறது, பாதி துண்டில்.

பொழுது போகாமல் கிடக்கிறாரே என்று உன் கடிதங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். ஷிஜா கொடுத்த தொடர்கதை என்று சொல்லியிருக்கிறேன்.

தோணியில் இடம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. ஆனால் பயணியைக் கேட்காமல் ஏற்ற மாட்டேன்.

சொர்ணம்மாள்


பெங்களூரு
22-3-2024

சொர்ணம்மாளுக்கு,

ஆர்யா வணக்கம். உங்கள் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வர நேரம் ஆயிற்று.

பயணிக்கு இரவில் தூக்கம் வருகிறதா? படுத்தே இருந்தால் முதுகில் புண் வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவையுங்கள். நான் வாசிப்பதைக் கேட்கும்போது, தவறு, நீங்கள் வாசிப்பதைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது? கோபமாக இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்.

இத்துடன் ஆர்யா போட்ட முதல் வரைபடம். ஆற்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மலையிலிருந்து கடலுக்கு ஓடுவதற்குப் பதில் கடலிலிருந்து மலைக்கு ஓடுகிறது. அவரிடமும் காட்டுங்கள்.

ஆர்யா


கரமனை
19-4-2024

ஆர்யாவுக்கு,

சொர்ணம்மாள் எழுதுவது. விஷு நல்லபடியாக ஆயிற்று. பழம், பூ, கண்ணாடியோடு கணி வைத்தேன். பயணியைத் தலையணையில் சாய்த்துக் காட்டினேன். உனக்கு யாராவது காட்டினார்களா? கண்ணாடியாவது பார்த்தாயா?

முதுகு சுத்தமாக இருக்கிறது, புண் இல்லை. நீ ஒன்றும் எனக்கு நர்ஸ் வேலை சொல்லித்தர வேண்டாம்.

உன் வரைபடத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு வாயின் இடது ஓரம் மட்டும் ஏறியது. கணக்கில் தப்புக் கண்டுபிடித்தால் ஆபீசில் இப்படித்தான் சிரிப்பாராம். கோபம் என்று ஒன்றும் இல்லை.

இப்போது வழக்கமாகிவிட்டது. மத்தியானம் கஞ்சி ஆனதும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். வாசி என்று அர்த்தம். புதிதாக ஒன்றும் வரவில்லையென்றால் பழையதையே வாசிக்கிறேன். ஆர்யா கரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதிய இடம் வந்தால் மறுபடியும் தட்டுவார். அதைத் திரும்ப வாசிக்க வேண்டும். எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

யார் எழுதுவது என்று நான் சொல்லவில்லை. அவராலும் கேட்க முடியாது.

நேற்று அவரிடம், "ஆத்துக்கு அக்கரைல அந்தப் பொண்ணு எத்தனை நாளா ஒக்காந்துண்டிருக்கா, கேட்டேளோ? தோணியில ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, யோசித்தாரா, தெரியவில்லை. இன்னொரு நாள் கேட்கிறேன். நீ அவசரப்படாதே.

சொர்ணம்மாள்


பெங்களூரு
6-5-2024

சொர்ணம்மாளுக்கு,

பசியாப்பட்டணத்து நீர்வழி அதிகாரி தெரிவித்துக்கொள்வது. சென்ற வாரம் ஆறு பெருகியபோது, தோணிக்காகக் காத்திராமல் இறங்கி நடந்த வரைபடக்காரி ஆர்யா வெள்ளத்தில் போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. அவளுக்கு உற்றார் யாரும் இல்லாதபடியால், கடைசியாக அவளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த தங்களுக்கு இதை அறிவிக்கிறோம்.

ஆட்டத்தை நடத்துபவளின் குறிப்பு: திடுக்கிட்டீர்களா? கதை ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆர்யா கரையில் உட்கார்ந்துகொண்டே இருக்கிறாள், பயணியும் பதில் சொல்வதாக இல்லை. இப்படித் தேங்கினால் ஒரு பாத்திரத்தைச் சாகவிட வேண்டும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லித்தருவேன். அப்போதுதான் மிச்சம் இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள். செத்தவரை ஆடியவர் அடுத்த வாரமே புதுப் பாத்திரத்தோடு மேஜைக்கு வந்துவிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் வருவேன். அடுத்த கடிதத்தில் மணி விற்கும் வியாபாரி ஒருவன் வருவான், நல்ல தமாஷ் ஆசாமி. பயணிக்குப் பிடிக்கும்.

வேலை நெருக்கடியில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ஷிஜா கடைக்கு வரும்.


பெங்களூரு
25-6-2024

சொர்ணம்மாளுக்கு,

மணி வியாபாரியின் இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தைலம் வந்ததா? ஷிஜா சேச்சியிடம் கேட்டால், "ஒந்நும் பறயான் பற்றில்லா மோளே, மாமி சொல்லட்டே" என்று ஒன்றும் சொல்லாமல் நழுவுகிறாள். பயணி எப்படி இருக்கிறார்? கதை பிடிக்கவில்லையென்றால் மாற்றிவிடலாம். ஒரு வரி எழுதுங்கள். வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.


கரமனை
8-7-2024

ஆட்டத்தை நடத்துகிறவளுக்கு,

சொர்ணம்மாள் எழுதுவது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ படித்தவள். பெரிய ஆபீசில் பத்துப் பேருக்குச் சொல்லித்தருகிறவள். கதை தேங்கினால் ஆளைக் கொன்றுவிட வேண்டும் என்று எந்த மகானுபாவன் உனக்குச் சொன்னான்? அந்தப் பெண் கரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். நாங்கள் இரண்டு கிழடுகளும் அதை நம்பினோம். எங்களுக்கு நாள் ஆகும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் நாள் ஆகும். அது உனக்குத் தெரியாதா?

கவரைப் பிரித்ததும் பழக்க தோஷத்தில் வாசித்துக்கொண்டே போய்விட்டேன். வெள்ளத்தில் போய்விட்டாள் என்று வாய் சொன்ன பிறகுதான் கண் பார்த்தது. கடைசிக் குறிப்பை வாசிக்காமல் மடித்துவிட்டேன். அடுத்த வாரமே புதுப் பாத்திரம், எல்லோரும் கைதட்டுவார்கள். இதை அவரிடம் எப்படி வாசிப்பேன்?

பயணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவராகத் திரும்பினார். அவருக்கு அந்தப் பக்கம் திரும்பவே வராது. அன்றைக்குக் கஞ்சி வேண்டாம், மறுநாளும் வேண்டாம். "கதைன்னா, வெறும் கதை" என்று நூறு தடவை சொன்னேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தேன். சனிக்கிழமை அவருக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு வெந்நீர் விடுவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை செம்பை எடுத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போனேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "எண்ணெய்க் குளிதான்னா" என்றேன். விடவில்லை. உடம்பை மட்டும் துடைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும். இன்றுவரை தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட அவர் சம்மதிக்கவில்லை. தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற நர்ஸ் என்னைத் திட்டுகிறாள்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுத மாட்டேன். சொர்ணம்மாளுக்கு எதுவும் தெரியாது.

மணி வியாபாரியை நான் வாசிக்கவில்லை. அவன் இந்த வீட்டுக்கு வேண்டாம்.


பெங்களூரு
15-7-2024

தோணியில் இருக்கும் பெரியவருக்கு,

ஆர்யா நமஸ்காரம். நான் சாகவில்லை. அதிகாரி பொய் சொல்லிவிட்டார். வெள்ளம் என்னை ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போனது உண்மை. ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இப்போது நடந்து நடந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். அதே கரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இனி எங்கேயும் போக மாட்டேன். நீங்கள் எத்தனை நாள் யோசித்தாலும் சரி, யோசித்துக்கொண்டே இருந்தாலும் சரி.

கஞ்சி குடியுங்கள். தயவுசெய்து குடியுங்கள்.

செத்தவர் திரும்பக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. அதை எழுதியவள் நான்தான். எனக்கு இப்போது எந்த விதியும் வேண்டாம்.

சொர்ணம்மாள், இதை இன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள். சத்தமாக வாசியுங்கள்.

ஆர்யா


கரமனை
22-7-2024

ஆஷாவுக்கு,

அம்மா எழுதுவது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சீக்கிரம் கிடைக்கட்டும் என்று இதை ஷிஜா கூரியரில் அனுப்புகிறாள்.

அப்பா வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. விடிந்து பால் காய்ச்சிக்கொண்டு வந்தேன், மூச்சு இல்லை. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஷிஜா அதைப் புடவைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தாள். அப்போது அவரைக் கொண்டுபோய் ஒரு ராத்திரி ஆகியிருந்தது. கட்டிலை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நீ சொன்னபடி சத்தமாக வாசிக்க ஆசைதான். வீடு நிறைய மனுஷர்கள். கழிப்பறையில் நின்று உதட்டுக்குள் வாசித்தேன்.

இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம் அந்தக் கடிதம். தபால்காரனைச் சபித்தேன், மழையைச் சபித்தேன், உன்னையும் சபித்தேன். பிறகு அழுதேன். பதில் எழுத நாள் கடத்தியது நான்தானே?

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணட்டுமா என்று ஷிஜா கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். நீ ஓடி வந்திருப்பாய். வாசலில் யாராவது ஒருத்தர் உன்னை நிறுத்தி, "சேஷன்தான் உன்னைத் தலைமுழுகியாச்சே, உனக்கென்ன இங்கே?" என்று கேட்டிருப்பார்கள். அதை நான் பார்த்திருக்க முடியாது. அதனால் அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாதபடி உன்னைப் பண்ணிவிட்டேன். இதற்காக நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். காரியமெல்லாம் உன் பெரியப்பா பிள்ளை அனந்த் செய்கிறான்.

உன் அப்பா என் சத்தியத்தைத் திருப்பித் தரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆர்யா போன பிறகு ஒரு நாள் நேராகவே கேட்டேன். "ஆஷாவோட நான் பேசட்டுமா? சரின்னா கையைத் தட்டுங்கோ" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை. வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை. ஆனால் உன் பேரைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை, அதை நான் பார்த்தேன். எப்போதிலிருந்து தெரியும்? வரைபடத்தைப் பார்த்து அன்று சிரித்தாரே, அப்போதே தெரியுமோ? சின்ன வயதில் உனக்கு இடம் வலம் குழம்பும், அவர் திட்டுவார்.

கடைசிவரை தலையில் தண்ணீர் விடச் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கப்படி குளிப்பாட்டினார்கள். அனந்த் குடத்தைத் தூக்கியபோது நான் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. ஓவென்று கத்திவிட்டேன். புருஷன் போனதற்குக் கத்துகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் படித்தவள் இல்லை. சாஸ்திரப்படி சத்தியம் உடைந்ததா, இருக்கிறதா, எந்த வாத்தியாரிடமும் கேட்கப்போவதில்லை. செத்துப்போன பெண்ணுக்காக ஒருவர் தலைமுழுக மாட்டேன் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது போதும். பாவம் வந்தால் என்னோடு போகட்டும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பெற்றவர் போனால் கல்யாணமான பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டு. தலைமுழுகிவிட்ட பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது என்பார்கள். உனக்கு உண்டு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய்த் தலைக்குக் குளி. மூன்று நாள் கோயிலுக்குப் போகாதே. ஆபீசில் அப்பா போய்விட்டார் என்று வாய்விட்டுச் சொல். அழுகை வந்தால் அடக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பத்தாம் நாள். சனிக்கிழமையே வந்துவிடு. ஹரிகுமாருக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும். ஆற்றில் தண்ணீர் அதிகம், மழை விடவில்லை, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து நேரே தெருவுக்குள் வா. கொல்லைப்புறமாக வராதே, வாசல் வழியாக வா. பாதிப் பேருக்கு உன்னை அடையாளம் தெரியாது, அத்தனை வருஷம் ஆகிவிட்டது. யார் நீ என்று எவளாவது கேட்டால் தயங்காதே, குரலைத் தாழ்த்தாதே. சேஷனோட பொண்ணு என்று சொல்.

அம்மா